ரெயூனியனில் பங்கு பிரியாத குடும்பச் சொத்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனின் தமிழர்களில் ஒரு சாரார் 1848-இல் அடிமைமுறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழியினர். இன்னொரு சாரார் பின்னாளில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் வேலைக்கோ கல்யாணத்துக்கோ வந்தவர்கள். இரண்டு பக்கமும் சம்பந்தம் செய்துகொண்டதால் சொத்துத் தகராறும் இரண்டு பக்கமும் பரவிவிட்டது. கீழே உள்ள கேள்விகள் பெரும்பாலும் அப்படிப்பட்ட குடும்பங்கள் கேட்பவை.

விளக்க வசதிக்காக ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துக்கொள்வோம். தாத்தா 1981-இல் இறந்தார், பாட்டி சில வருடம் கழித்து. ஆறு பிள்ளைகள். அவர்களில் இருவர் இப்போது இல்லை: ஒருவருக்கு நான்கு பிள்ளைகள், மற்றவருக்கு மூன்று. சேன் ஆந்த்ரேயில் ஒரு பெரிய மனை, அதில் மூன்று வீடுகள், பின்னால் ஒரு குடும்பக் கோயில், கொஞ்சம் தள்ளிக் கரும்பு நிலம்.

பத்திரம் இன்னும் தாத்தா பேரிலேயே இருக்கிறது. அப்படியானால் சொத்து யாருடையது?

எல்லாருடையதும். தாத்தா இறந்த அன்றே சொத்து வாரிசுகளுக்குப் போய்விட்டது. பத்திரத்தில் பெயர் மாறாததால் அது நின்றுவிடவில்லை. ஆனால் "இந்த மூலை எனக்கு, அந்த மூலை உனக்கு" என்று யாருக்கும் தனியாக எதுவும் இல்லை. மனையின் ஒவ்வொரு அடியிலும் எல்லாருக்கும் பங்கு. நொத்தேர் (சொத்துப் பத்திரங்களை எழுதிப் பதியும் பிரெஞ்சுச் சட்ட அலுவலர்) அலுவலகத்தில் இதைத்தான் ஆந்திவிசியோன், அதாவது பங்கு பிரியாத உரிமை, என்கிறார்கள்.

பங்கைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஆறு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஆறில் ஒன்று. இறந்த ஒருவரின் ஆறில் ஒன்று நான்கு பிள்ளைகளுக்குப் பிரிந்து ஆளுக்கு இருபத்து நான்கில் ஒன்று. மற்றவருடையது மூன்றாகப் பிரிந்து பதினெட்டில் ஒன்று. இப்போதே பதினொரு பங்காளிகள். இன்னும் பத்து வருடம் விட்டால் இருபதைத் தாண்டும், அதில் பாதிப் பேர் ஒருவரை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள். பெயர் மாற்றத்துக்கு அவசரம் என்ன என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன். பாகம் பிரிக்கச் சொல்லிச் சட்டம் யாருக்கும் கெடு வைத்து விரட்டவில்லை. பங்காளிகளின் எண்ணிக்கைதான் விரட்டுகிறது.

நில வரியை இருபது வருடமாக நான்தான் கட்டுகிறேன். நிலம் எனக்கு வராதா?

வராது. வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. கதாஸ்த்ர் வரைபடத்தில் உங்கள் பெயர் இருந்தாலும் அப்படித்தான். அது வரி வசூலுக்காகப் போட்ட வரைபடம். ஆனால் ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பாகம் பிரிக்கும்போது, நீங்கள் கட்டிய வரியை மற்றவர்களின் பங்கிலிருந்து கணக்கில் கழித்துக் கேட்கலாம்.

முப்பது வருடம் அனுபவித்தால் நிலம் சொந்தமாகிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. அந்த முப்பது வருட விதி சட்டத்தில் இருக்கிறது. ஆனால் ஒரு பங்காளி மனையில் குடியிருந்தால், அவர் மற்றவர்களின் பங்காளியாகத்தான் இருந்தார் என்று நீதிமன்றம் முதலில் நினைக்கும். "நான் ஒருவனே சொந்தக்காரன்" என்று எல்லாரும் அறிய, வெளிப்படையாக, தடையில்லாமல் முப்பது வருடம் நடந்துகொண்டதை நிரூபிக்க வேண்டும். அப்படிப்பட்ட அனுபோகத்தை உறுதிசெய்து நொத்தேர் எழுதும் பத்திரத்தை, வெளியிட்ட நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள்தான் எதிர்க்க முடியும் என்று கடல்கடந்த மாகாணங்களுக்கென 2017-இல் ஒரு சட்டம் வந்தது. ஆகவே உங்கள் குடும்ப நிலத்தைப் பற்றி அப்படி ஒரு அறிவிப்பு கண்ணில் பட்டால், அடுத்த பொங்கலுக்குப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

எங்கே ஆரம்பிப்பது?

"யாருக்கு எவ்வளவு" என்பதில் ஆரம்பிக்காதீர்கள். "யார் யார்" என்பதில் ஆரம்பியுங்கள். ஒவ்வொரு இறப்புக்கும் மேரியில் (நகராட்சி அலுவலகத்தில்) இறப்புச் சான்று, ஒவ்வொரு கிளைக்கும் குடும்பப் புத்தகம், பிறப்புச் சான்றுகள், தாத்தா வாங்கிய மூலப் பத்திரம். இவற்றை வைத்து நொத்தேர் வாரிசுச் சான்று எழுதுவார். அதன் பிறகு நிலத்துக்கான உரிமைச் சான்று எழுதி, நில உரிமைப் பதிவகத்தில் பதிவார். 1981 இறப்பும் அதற்குப் பின் நடந்த ஒவ்வொரு இறப்பும் வரிசையாக முடிக்கப்பட வேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்ட முடியாது.

நொத்தேர் எல்லாருக்கும் பொதுவானவர்; அண்ணன் கூப்பிட்ட நொத்தேர் அண்ணன் பக்கம் பேசுவார் என்று பயப்படத் தேவையில்லை. அப்படியும் மனசு ஒப்பவில்லை என்றால் உங்கள் தரப்புக்கு இன்னொரு நொத்தேரை வைத்துக்கொள்ளலாம். இருவரும் ஒரே கட்டணத்தைப் பகிர்ந்துகொள்வார்கள்.

தாத்தாவின் பெயர் ஒவ்வொரு சான்றிலும் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கிறது. என்ன செய்வது?

இந்தத் தீவில் இது மிகச் சாதாரணம். கப்பலில் இருந்து இறங்கியவர் சொன்ன பெயரை பிரெஞ்சு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். தந்தையின் பெயர் பிள்ளைக்குக் குடும்பப் பெயர் ஆயிற்று. அடுத்த எழுத்தர் அதையும் வேறு மாதிரி எழுதினார். வெறும் எழுத்துப் பிழை என்றால் பதிவு அலுவலரோ அரசு வழக்கறிஞரோ திருத்திவிட முடியும், வழக்குப் போட வேண்டியதில்லை. ஆளே வேறு என்று தோன்றும் அளவுக்கு மாறியிருந்தால் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். சேன் தெனியில் உள்ள மாகாண ஆவணக் காப்பகத்தில் ஒப்பந்தக் கூலிகளின் பதிவேடுகள் இருக்கின்றன. சில நேரம் ஒரே ஒரு பதிவு எண் மூன்று விதமான எழுத்தையும் ஒரே ஆளோடு இணைத்துவிடும்.

திடீரென்று ஒரு வம்சாவளி ஆய்வாளர் கடிதம் போட்டு, "உங்களுக்கு ஒரு சொத்து இருக்கிறது, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் விவரம் சொல்கிறேன்" என்றால் பதற வேண்டாம். அவர்கள் செய்வது முறையான தொழில்தான். ஆனால் கேட்கும் சதவீதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கோயிலில் மட்டும் தாலி கட்டிய மனைவிக்குப் பங்கு உண்டா? வேறொரு பெண்ணுக்குப் பிறந்த பிள்ளைக்கு?

மேரியில் பதிவு செய்யாத திருமணம் பிரெஞ்சுச் சட்டத்தின் கண்ணில் திருமணமே இல்லை. முப்பது வருடம் ஒன்றாக வாழ்ந்து, மஞ்சள் தாலியோடு நின்றாலும், உயில் இல்லாவிட்டால் அந்த அம்மாவுக்கு வாரிசு உரிமை கிடையாது. கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. உயிரோடு இருக்கும்போதே மேரிக்குப் போய் வர அரை நாள் போதும்.

பிள்ளைகள் விஷயம் நேர் எதிர். தந்தை இவர்தான் என்று சட்டப்படி நிறுவப்பட்ட எந்தப் பிள்ளைக்கும், தாய் யாராக இருந்தாலும், சம பங்கு. 2001 டிசம்பர் சட்டம் கடைசி வேற்றுமையையும் எடுத்துவிட்டது. "அவன் இந்த வீட்டுப் பிள்ளை இல்லை" என்று சொல்லி ஒருவரை மறைத்துப் பாகம் பிரித்தால், அது பின்னால் வந்து கதவைத் தட்டும். தெரியாமல் விட்டுப்போயிருந்தால் அவருக்குரிய பங்கைப் பொருளாகவோ பணமாகவோ கொடுத்துச் சரிசெய்யலாம். தெரிந்தே மறைத்தவருக்கு வேறு கணக்கு: மறைத்ததால் அடைந்திருக்கக்கூடிய லாபத்தை அவர் இழப்பார்.

அம்மா இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். பிள்ளைகள் விற்கச் சொல்லலாமா?

பதிவுத் திருமணம் ஆன மனைவி என்றால் அம்மாவின் நிலை பலமானது. கணவர் இறந்த பிறகு ஒரு வருடம் அந்த வீட்டில் இலவசமாக இருக்கும் உரிமையை உயிலாலும் பறிக்க முடியாது. அதன் பிறகும் ஆயுள் முழுக்கக் குடியிருக்க உரிமை கேட்கலாம்; அந்த விருப்பத்தை ஒரு வருடத்துக்குள் தெரிவித்துவிட வேண்டும், வாயால் சொன்னதோடு விடாமல் நொத்தேரிடம் எழுத்தில் வைப்பது நல்லது. பிள்ளைகள் எல்லாரும் இருவருக்கும் பிறந்தவர்கள் என்றால், சொத்து முழுவதன் அனுபோகத்தையோ கால் பங்கு முழு உரிமையையோ அம்மா தேர்ந்தெடுக்கலாம். கணவருக்கு வேறு தாரத்தில் பிள்ளை இருந்தால் கால் பங்கு மட்டும்தான்.

ஒரு அண்ணன் மட்டும் பெரிய வீட்டைப் பூட்டிவைத்துக்கொண்டு யாரையும் விடுவதில்லை. வாடகை கேட்கலாமா?

கேட்கலாம். ஒரு பங்காளி மற்றவர்கள் நுழைய முடியாதபடி தனியாக அனுபவித்தால், குடியிருப்புத் தொகை கொடுக்கக் கடமைப்பட்டவர். பூட்டை மாற்றியது, சாவி தர மறுத்தது இவையெல்லாம் சாட்சியம். அண்ணன் அங்கே குடியிருக்கிறார், மற்றவர்களும் விருப்பப்படி வந்து போகிறார்கள் என்றால் இது பொருந்தாது.

இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தத் தொகை உங்கள் பைக்கு நேராக வராது. பொதுக் கணக்கில் சேர்ந்து, பாகம் பிரிக்கும்போது பங்குப்படி பிரியும். இன்னொன்று, ஐந்து வருடத்துக்கு மேற்பட்டதைக் கேட்க முடியாது. பதினெட்டு வருடம் முணுமுணுத்துவிட்டு ஒருநாள் வழக்குப் போட்டால் கடைசி ஐந்து வருடம்தான் கிடைக்கும். அதனால் முதலிலேயே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டு வையுங்கள். கடிதம் கோரிக்கைக்குச் சாட்சியாகும். காலக்கெடுவை நிறுத்த நீதிமன்ற நடவடிக்கை வேண்டும்.

அப்பாவின் மனையில் என் சொந்தக் காசில் வீடு கட்டினேன். அது என்னுடையதா?

கட்டடம் நிலத்தோடு சேரும். நிலம் எல்லாருடையது என்பதால், சட்டப்படி வீடும் பங்கு பிரியாத சொத்தில் போய் விழும். தீவில் அதிகமாக மனத்தாங்கல் வருவது இதில்தான். அப்பா "அந்தப் பக்கம் கட்டிக்கோ" என்றார், மகன் கடன் வாங்கிக் கட்டினார், இருபத்தைந்து வருடம் கழித்துத் தங்கை பங்கு கேட்கிறாள். தங்கை பொய் சொல்லவில்லை; மகனும் பொய் சொல்லவில்லை.

கட்டியவருக்குப் பணம் திரும்பக் கிடைக்கும் வழி உண்டு. ஒரு பங்காளி தன் செலவில் பொதுச் சொத்தை மேம்படுத்தினால், பிரிக்கும் நேரத்தில் சொத்தின் மதிப்பு அதனால் எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்த்து நியாயமான தொகையைக் கணக்கில் வைக்க வேண்டும். கூரை ஒழுகியதைச் சரிசெய்தது, சுவர் இடிந்ததைக் கட்டியது போன்ற பாதுகாப்புச் செலவுகளுக்கு, மதிப்பு கூடாவிட்டாலும் உரிமை உண்டு. சிமெண்ட் கடை ரசீது, வங்கிக் கடன் தாள், கட்டுமான அனுமதி எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ரசீது இல்லாத கொத்தனார் கூலியை யாரும் நம்பப்போவதில்லை.

நடைமுறையில் நல்ல தீர்வு, அந்த வீடு நிற்கும் துண்டைக் கட்டியவருக்கே ஒதுக்கி, அதை அவருடைய பங்கில் கழித்து, மிச்ச வித்தியாசத்தை அவர் மற்றவர்களுக்குப் பணமாகக் கொடுப்பது. அதற்கு முதலில் அளவையர் வந்து எல்லைக்கல் நட வேண்டும்; மனையைப் பிரிக்க நகராட்சியின் நிலத் திட்டம் இடம் கொடுக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எட்டுப் பேர் விற்கச் சம்மதிக்கிறார்கள், ஒருவர் மட்டும் மறுக்கிறார். ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். பங்கு பிரியாத நிலையிலேயே இருக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பது சிவில் சட்டத்தின் 815-ஆம் பிரிவு. மற்றதெல்லாம் அதிலிருந்து வருகிறது. எந்தச் செயலுக்கு எத்தனை பேர் வேண்டும் என்பதுதான் நுணுக்கம்.

பாதுகாப்பு வேலை, அதாவது ஒழுகும் கூரை, விழப்போகும் சுவர்: ஒரே ஒரு பங்காளி போதும், அவசரமே இல்லாவிட்டாலும். வீட்டை வாடகைக்கு விடுவது போன்ற நிர்வாகம்: மூன்றில் இரண்டு பங்கு வைத்திருப்பவர்கள். வீடு, நிலம் விற்பது: சாதாரணமாக எல்லாரும்.

எல்லாரும் என்பது நடக்காத காரியம் என்று தெரிந்துதான் 2009-இல் ஒரு வழி திறந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு வைத்திருப்பவர்கள் நொத்தேரிடம் விற்கும் விருப்பத்தைத் தெரிவித்தால், அவர் ஒரு மாதத்துக்குள் மற்றவர்களுக்கு முறைப்படி அறிவிப்பார். அவர்களுக்கு மூன்று மாதம். எதிர்த்தாலும் பதிலே சொல்லாவிட்டாலும் நொத்தேர் அதைக் குறித்துவைப்பார். பிறகு நீதிமன்றம், மற்றவர்களின் உரிமைக்கு அளவுமீறிக் கேடு வராது என்று தோன்றினால், ஏல விற்பனைக்கு அனுமதி தரலாம்.

ரெயூனியனுக்கும் மற்றக் கடல்கடந்த மாகாணங்களுக்கும் இதைவிட இலகுவான சட்டம் 2018 டிசம்பர் 27-இல் வந்தது. இறப்பு நடந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால், முழு உரிமையில் பாதிக்கு மேல் வைத்திருப்பவர்கள் நொத்தேர் மூலம் விற்கவோ பாகம் பிரிக்கவோ முன்வரலாம். நொத்தேர் மற்ற ஒவ்வொருவருக்கும் முறையான அறிவிப்பு அனுப்பி, சட்ட அறிவிப்புப் பத்திரிகையிலும் இணையத்திலும் வெளியிடுவார். எதிர்க்க மூன்று மாதம். ஒரு பங்காளியாவது வெளிநாட்டில் குடியிருந்தால் நான்கு மாதம். யாரும் எதிர்க்காவிட்டால் காரியம் முடிந்தது, பதில் சொல்லாதவரையும் அது கட்டுப்படுத்தும். எதிர்த்தால் நீதிமன்றம் போக வேண்டும். வீட்டில் கணவனையோ மனைவியையோ இழந்தவர் குடியிருந்தால் இந்த வழி கிடையாது. பங்காளிகளில் மைனரோ, நீதிமன்றப் பாதுகாப்பில் உள்ள வயதுவந்தவரோ, காணாமல் போனதாகக் கருதப்படுபவரோ இருந்தால் நீதிபதியின் அனுமதி வேண்டும்.

"பாதிக்கு மேல்" என்பதில் பலர் இடறுகிறார்கள். நம் கற்பனைக் குடும்பத்தில் உயிரோடிருக்கும் நால்வரில் மூவர் சம்மதித்தால் சரியாகப் பாதி. அது போதாது. இறந்த அண்ணனின் நான்கு பிள்ளைகளில் ஒரே ஒருத்தி, இருபத்து நான்கில் ஒரு பங்குக்காரி, சேர்ந்தால் இருபத்து நான்கில் பதின்மூன்று ஆகிவிடும். இத்தனை நாள் யாரும் போன் போட்டு விசாரிக்காத அந்த அண்ணன் மகள்தான் இப்போது எல்லாருக்கும் வேண்டியவள். 2009 வழிக்கு இருபத்து நான்கில் பதினாறு வேண்டும்.

ஒரு தங்கை பாரிசில், இன்னொருவர் புதுச்சேரியில். கடிதம் போட்டால் பதிலே இல்லை.

பதில் இல்லாதது வேறு, மறுப்பது வேறு. பாகப்பிரிவினையில் மௌனமாக இருப்பவருக்கு முறையான அறிவிப்பு அனுப்பி, தனக்கு ஒரு பிரதிநிதியை நியமிக்கச் சொல்லலாம். மூன்று மாதத்துக்குள் நியமிக்காவிட்டால், அவருக்காக ஒருவரை நியமிக்கும்படி நீதிபதியைக் கேட்கலாம்.

பல நேரம் அந்த ஆள் கோபத்தில் இருப்பதில்லை. பிரெஞ்சுக் கடிதம் புரியாமல் அலமாரியில் வைத்திருப்பார். தமிழில் ஒரு போன் போட்டு, என்ன கையெழுத்து, எதற்கு, அவருக்கு எவ்வளவு வரும் என்று சொல்லுங்கள். இந்தியாவில் இருப்பவர் அங்குள்ள நோட்டரியிடம் அதிகாரப் பத்திரம் எழுதி, அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் வெளிநாட்டில் செல்ல அரசு தரும் சான்று) வாங்கி அனுப்பலாம். 2005 முதல் இந்தியாவில் அது நடைமுறையில் உள்ளது. பிரெஞ்சு மொழிபெயர்ப்பு, நீதிமன்றம் ஏற்ற மொழிபெயர்ப்பாளருடையதாக இருக்க வேண்டும். 2020 நவம்பர் முதல் பிரெஞ்சு நொத்தேரிடம் காணொளி வழியாகவே அதிகாரப் பத்திரம் எழுதவும் முடியும்.

அப்புறம், "புதுச்சேரி வீட்டையும் இதிலேயே சேர்த்து முடித்துவிடலாமே" என்பார்கள். குடும்பப் பேச்சில் சேர்த்துப் பேசுங்கள், தவறில்லை. ஆனால் அந்த வீட்டின் உரிமை மாற வேண்டுமானால் புதுச்சேரியில் இந்தியச் சட்டப்படி தனியாகப் பத்திரம் எழுத வேண்டும்.

மனைக்குள் இருக்கும் குடும்பக் கோயிலை எப்படிப் பிரிப்பது?

மாரியம்மனோ காளியோ மதுரை வீரனோ முனீஸ்வரனோ, தாத்தா பிரதிஷ்டை செய்த சாமி. சட்டத்தின் பார்வையில் அது ஒரு சிறு கட்டடமும் சில அசையும் பொருள்களும் மட்டுமே. குடும்பத்தின் பார்வையில் மனையே அதைச் சுற்றித்தான். என் அனுபவத்தில், கோயிலைக் கடைசிக்குத் தள்ளிவைத்த குடும்பங்கள் மற்ற எல்லாவற்றிலும் ஒத்துப்போய்விட்டு இதில் உடைந்தன. இதை முதல் நாளே பேசுங்கள்.

மூன்று வழிகளைப் பார்த்திருக்கிறேன். முதல் வழி, கோயில் துண்டை மட்டும் அளந்து ஒதுக்கிவிட்டு, மற்றதைப் பிரித்துக்கொண்டு, அந்தத் துண்டை எல்லார் பேரிலும் வைப்பது. இதற்கு எழுத்தில் ஒரு கூட்டுரிமை ஒப்பந்தம் போடலாம்; கால வரம்பு வைத்தால் அதிகபட்சம் ஐந்து வருடம், புதுப்பித்துக்கொள்ளலாம். யார் சாவி வைத்திருப்பது, மின்சாரக் கட்டணம் யார், திருவிழாச் செலவு எப்படி என்பதையெல்லாம் அதில் எழுதலாம். அடுத்த தலைமுறையில் பங்காளிகள் பெருகும்போது மறுபடி இதே தலைவலி வரும் என்பதும் உண்மை.

இரண்டாவது, பூசை செய்கிறவரின் பங்கில் அந்தத் துண்டை விட்டுவிடுவது. பல குடும்பங்களுக்கு இதுதான் இயல்பாக வருகிறது. அப்படியானால் மற்றவர்கள் வந்துபோகும் பாதை உரிமையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். "அண்ணன் தடுக்க மாட்டான்" என்பது அண்ணன் இருக்கும்வரைதான். அவரோ அவர் பிள்ளைகளோ விற்க நினைத்தால் முதலில் குடும்பத்துக்கே கேட்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்க்கலாம்.

மூன்றாவது, ஒரு சங்கம் அமைத்து அதற்கு மாற்றுவது. இங்கே ஒரு சிக்கல் உண்டு. 1901 சட்டப்படி பதிவு செய்த சாதாரணச் சங்கம் தன் நோக்கத்துக்குத் தேவையான இடத்தை விலைக்கு வாங்கலாம், ஆனால் நிலத்தைத் தானமாகப் பெற முடியாது. 1905 சட்டத்தின்படியான வழிபாட்டுச் சங்கம் தானம் பெறலாம். அந்தச் சட்டம் 1911-இல் ஒரு ஆணை மூலம் இந்தத் தீவுக்கும் வந்தது. அதற்கான நிர்வாக விதிகள் கடுமை, கணக்கு காட்ட வேண்டும். தீமிதியும் காவடியும் நடக்கிற, ஊர் கூடுகிற கோயில் என்றால் இந்த உழைப்பு தகும். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் வீட்டுக் கோயிலுக்கு இது அதிகம்.

விக்கிரகம், வேல், சூலம், உடுக்கை இவற்றை ஒரு பட்டியல் போட்டுப் படம் எடுத்து, யாரிடம் இருக்கும் என்று எழுதி எல்லாரும் கையெழுத்திடுங்கள். நகையைவிட உடுக்கைக்குச் சண்டை அதிகம், நம்புங்கள்.

கரும்பு நிலத்தை எல்லாருக்கும் துண்டு துண்டாகப் பிரிக்கலாமா?

பிரிக்க முடிந்தாலும் பிரிக்க வேண்டாம் என்பேன். சிறு துண்டில் கரும்பு கட்டுப்படியாகாது, விவசாய மண்டலத்தில் வீடு கட்டவும் விட மாட்டார்கள். அங்கே உழைத்துக்கொண்டிருக்கும் வாரிசு, பண்ணையைத் தனக்கே முன்னுரிமையில் ஒதுக்கும்படி கேட்கலாம். மற்றவர்களின் பங்குக்குப் பணம் கொடுப்பார். இறப்பு நேரத்தில் அங்கே குடியிருந்த வாரிசு வீட்டுக்கும் இதே போலக் கேட்கலாம். விவசாய நிலத்தை வெளியாருக்கு விற்றால் விவசாய நில விற்பனையைக் கண்காணிக்கும் சஃபேர் நிறுவனத்துக்கு முன்வாங்கும் உரிமை உண்டு. வாரிசுகளுக்குள் பிரித்துக்கொள்வதை அது தடுக்காது.

தம்பி தன் பங்கை வெளியாளுக்கு விற்கப் பார்க்கிறான்.

விலை, நிபந்தனை, வாங்குபவர் பெயர் எல்லாவற்றையும் குறிப்பிட்டு முறையான அறிவிப்பை மற்றப் பங்காளிகளுக்கு அனுப்பியாக வேண்டும். அதே விலைக்கு நீங்களே வாங்கிக்கொள்ள ஒரு மாதம் அவகாசம். வாங்குகிறேன் என்று சொன்னால் பத்திரம் முடிக்க இரண்டு மாதம். அறிவிக்காமல் விற்றால் அந்த விற்பனையைச் செல்லாததாக்கக் கேட்கலாம்.

அப்பா வாயால் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். செல்லாதா?

நிலத்துக்குச் செல்லாது. வாரிசுகள் எல்லாரும் இன்றும் அதை ஒப்புக்கொண்டால், அதையே நொத்தேர் பத்திரமாக எழுதிவிடலாம். அன்றைக்கு அப்பா சொன்னது வழிகாட்டியாக இருக்கும். ஒருவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் கணக்கு முதலிலிருந்து.

உயிரோடிருக்கும் பெற்றோருக்கு நான் சொல்வது, நொத்தேரிடம் தானப் பாகப்பிரிவினை எழுதுங்கள். அன்றைய மதிப்பிலேயே பங்குகள் நிற்கும், பின்னால் யார் நிலம் விலை ஏறியது என்ற பேச்சு குறையும். ஒவ்வொரு பெற்றோரிடமிருந்தும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 1,00,000 யூரோ வரை, பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை, தான வரி இல்லை. எந்தப் பிள்ளையையும் முழுதாக ஒதுக்க முடியாது: ஒரு பிள்ளை என்றால் சொத்தில் பாதி, இரண்டு என்றால் மூன்றில் இரண்டு, மூன்றோ அதற்கு மேலோ என்றால் நான்கில் மூன்று பிள்ளைகளுக்கென்று காக்கப்பட்டிருக்கிறது. உயிலில் விருப்பப்படி எழுதக்கூடியது மிச்சம் மட்டும்தான்.

வழக்குப் போட்டால் என்ன ஆகும்? எவ்வளவு செலவு?

சேன் தெனி அல்லது சேன் பியேர் நீதிமன்றம். வழக்கறிஞர் கட்டாயம். சமரசமாகப் பிரிக்க என்ன முயற்சி செய்தீர்கள் என்று மனுவிலேயே எழுத வேண்டும். இல்லாவிட்டால் மனு எடுபடாது. ஆகவே அனுப்பிய கடிதங்கள், கூட்டத்தின் குறிப்புகள் எல்லாம் வேண்டும். சிக்கலான சொத்து என்றால் நீதிமன்றம் ஒரு நொத்தேரை நியமித்துக் கணக்குப் போடச் சொல்லும், தேவைப்பட்டால் மதிப்பீட்டாளரை வைக்கும். பிரிக்க முடியாதது ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் கிடைக்கும் விலை, உறவுக்குள் பேசி முடித்திருந்தால் கிடைத்திருக்கும் விலையை எட்டுவது அபூர்வம். சில வருடங்கள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சமரசமாகப் பிரித்தாலும் நொத்தேர் கட்டணம், அளவையர் செலவு உண்டு. பாகப்பிரிவினை வரி பிரான்சின் பொது விதிப்படி நிகர மதிப்பில் 2.5 சதவீதம்; அது இங்கே உங்கள் சொத்துக்குப் பொருந்துமா என்று நொத்தேரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வருமானம் குறைவு என்றால் அரசின் சட்ட உதவிக்கு விண்ணப்பிக்கலாம். நீதி சமரசர் என்று ஒருவர் உண்டு, அவரிடம் போகக் கட்டணம் இல்லை. வாடகைக் கணக்கு, சாவி, பாதை போன்ற சில்லறைச் சண்டைகளுக்கு அவர் போதும்.

எனக்கு எந்தப் பங்கும் வேண்டாம், விலகிக்கொள்கிறேன் என்றால்?

விலகலாம், ஆனால் விளைவு நீங்கள் நினைப்பது போல இருக்காது. வாரிசுரிமையை முறைப்படி மறுத்தால் உங்கள் பங்கு உங்கள் பிள்ளைகளுக்குப் போகும். பிள்ளைகள் இல்லாவிட்டால்தான் உடன்பிறந்தவர்களுக்கு. "தங்கைக்கு விட்டுக்கொடுக்கிறேன்" என்று குறிப்பிட்டு ஒருவருக்குக் கொடுத்தால் அது ஏற்றுக்கொண்டு தானம் செய்ததாகும், வரியும் வரும். ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்கும் எல்லை உண்டு: இறப்புக்கு நான்கு மாதம் கழித்து மற்ற வாரிசுகள் உங்களிடம் முறைப்படி முடிவு கேட்கலாம். கேட்ட பிறகு இரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்லாமலும், நீதிபதியிடம் கூடுதல் அவகாசம் கேட்காமலும் இருந்தால், கடன்கள் உட்பட ஏற்றுக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்.